எழுதிய இஃப் எங்கே போனது? 2009 லினக்ஸ் டன் டிரைவர் பிழை: ஒரு நிகழ்வு ஆய்வு

சி மொழி கற்றுக்கொள்கிறவர்கள் கொஞ்ச நாளிலேயே ஒரு வினோதத்தைச் சந்திப்பார்கள். ஆப்டிமைசேஷன் இல்லாமல் கம்பைல் செய்தால் ப்ரோக்ராம் ஒழுங்காக ஓடும். ஓ2 என்ற ஆப்டிமைசேஷன் ஆப்ஷனைப் போட்டுக் கம்பைல் செய்தால் தப்பான விடை வரும், இல்லையென்றால் பாதியில் விழுந்துவிடும். எங்கே விழுகிறது என்று பார்க்க நடுவில் ஒரு ப்ரின்ட்எஃப் சேர்த்தால் பிழையே காணாமல் போய்விடும். கம்பைலரில்தான் ஏதோ கோளாறு என்று அப்போது தோன்றும். ஆனால் கம்பைலரில் கோளாறு இருப்பது அபூர்வம். பெரும்பாலும் நாம் எழுதிய கோடில் சி தரநிலை அனுமதிக்காத ஏதோ ஒன்று ஒளிந்திருக்கும். நாம் அதைக் கவனித்திருக்க மாட்டோம். கம்பைலர் கவனித்து, அதை வைத்து ஒரு முடிவுக்கும் வந்திருக்கும்.

இதைப் புரியவைக்க 2009-ல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் நடந்த ஒரு நிகழ்வை விடப் பொருத்தமானது வேறு இல்லை என்பது என் எண்ணம். சோர்ஸ் கோடில் ஒரு பாதுகாப்புச் சோதனை கண்ணெதிரே இருக்கிறது. கம்பைல் ஆகி வந்த பைனரியில் அது இல்லை. இந்த இடைவெளி வழியாக ஒரு சாதாரண பயனர் ரூட் அதிகாரத்தை, அதாவது கணினியின் முழு அதிகாரத்தை, பிடிக்க முடிந்தது. பாதுகாப்புப் பிழைகளின் பதிவேட்டில் இதன் எண் சிவிஇ-2009-1897. பிழை மொத்தமே ஒரு வரிதான், அதுவும் இடம் மாறி நின்ற வரி. பெரிய அல்காரிதம் எதுவும் கிடையாது. சி படித்து ஒரு மாதம் ஆனவருக்குக்கூட அந்த வரியின் அர்த்தம் தெரியும். அதனால்தான் கற்கிறவர்களுக்கு இது நல்ல பாடம்.

எந்த இடத்தில் நடந்தது

டன் என்பது லினக்ஸில் உள்ள ஒரு மெய்நிகர் நெட்வொர்க் டிவைஸ். உண்மையான நெட்வொர்க் கார்டுக்குப் பாக்கெட் போனால் அது கேபிள் வழியாக வெளியே போகும். டன்னுக்குப் போனால், அந்த டிவைஸைத் திறந்து வைத்திருக்கும் ஒரு சாதாரண ப்ரோக்ராமின் கைக்கு வரும். ஓப்பன்விபிஎன் மாதிரியான மென்பொருள்கள் இதை வைத்துத்தான் வேலை செய்கின்றன.

இதைப் பயன்படுத்த இரண்டு படிகள் உண்டு. முதலில் டிவைஸ் கோப்பை ஓப்பன் செய்ய வேண்டும். அப்புறம் டிவைஸுக்குக் கட்டளை கொடுக்கும் ஐஆக்டல் அழைப்பு மூலம் ஒரு இன்டர்ஃபேஸை அதோடு இணைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு இடைப்பட்ட நிலை இருக்கிறது: கோப்பு திறந்திருக்கும், ஆனால் அதற்குப் பின்னால் எந்த இன்டர்ஃபேஸும் இருக்காது. அந்த நிலையில் கெர்னலிடம் "இந்தக் கோப்புக்குரிய டன் ஸ்ட்ரக்ட் எங்கே" என்று கேட்டால் நல் பாயிண்டர், அதாவது வெற்று பாயிண்டர்தான் பதிலாக வரும்.

அடுத்தது "போல்" (poll) என்ற சிஸ்டம் கால். "படிக்க ஏதாவது வந்திருக்கிறதா, எழுத இடம் இருக்கிறதா" என்று ப்ரோக்ராம் கெர்னலைக் கேட்கும் அழைப்பு அது. ஒவ்வொரு டிரைவரும் இதற்குப் பதில் சொல்லத் தனக்கென ஒரு ஃபங்ஷன் வைத்திருக்கும். டன் டிரைவரிலும் ஒன்று இருந்தது. யாராவது ஓப்பன் செய்துவிட்டு, எதையும் இணைக்காமல் நேராக போல் அழைத்தால் என்ன ஆகும்? இதை டிரைவர் எழுதியவர்கள் முன்கூட்டியே யோசித்திருந்தார்கள். டன் வெறுமையாக இருந்தால் பிழை என்று சொல்லித் திரும்பும் சோதனை அந்த ஃபங்ஷனில் முதலிலிருந்தே இருந்தது. யாரும் யோசிக்காமல் விட்டதால் வந்த பிழை அல்ல இது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அந்த ஐந்து வரிகள்

2.6.30 கெர்னலில், அந்த போல் ஃபங்ஷனின் தொடக்கத்தைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

1. திறந்த கோப்பின் தனித் தகவலை எடுத்து டிஃபைல் என்ற பாயிண்டரில் வை.
2. டிஃபைலைக் கொடுத்து, அதற்குரிய டன் பாயிண்டரை வாங்கு. (வெறுமையாகவும் வரலாம்.)
3. டன்னுக்குள் இருக்கும் எஸ்கே என்ற சாக்கெட் பாயிண்டரை எடுத்து வை.
4. மாஸ்க் என்ற எண்ணை 0 ஆக்கு.
5. டன் வெறுமை என்றால், பிழை என்று சொல்லித் திரும்பிவிடு.

2-வது வரியில் வெறுமை வரலாம். 5-வது வரியில் அதைச் சோதிக்கிறார்கள். நடுவில் 3-வது வரி, சோதிக்கும் முன்பே டன்னுக்குள் கையை விட்டுவிடுகிறது. வீட்டுக்குள் போய் உட்கார்ந்த பிறகு கதவைத் தட்டுவது மாதிரி.

இங்கே வரிசையாகப் படித்துக் காட்டும்போது பிழை பளிச்சென்று தெரிகிறது. ஒரு பேட்சாக, அதாவது கோடில் செய்த மாற்றங்களின் தொகுப்பாக, வந்தபோது அது அப்படித் தெரியாததற்குக் காரணம் உண்டு.

3-வது வரி அங்கே முதலில் கிடையாது. ஒவ்வொரு டிவைஸுக்கும் எத்தனை பாக்கெட் வரிசையில் நிற்கலாம் என்று கட்டுப்படுத்தும் மாற்றம் ஒன்று 2009-ன் தொடக்கத்தில் வந்தது. அதற்கு சாக்கெட் தகவல் தேவைப்பட்டது. ஃபங்ஷனின் தலையில் ஏற்கெனவே வேரியபிள் அறிவிப்புகள் அடுக்கடுக்காக நின்றன. புது வேரியபிளும் அதே அடுக்கில் போய்ச் சேர்ந்தது. அறிவிக்கும்போதே மதிப்பும் கொடுத்தாகிவிட்டது. சி எழுதுகிற எவரும் தினமும் செய்கிற வேலை இது.

1989 தரநிலைப்படி ஒரு பிளாக்கின் அறிவிப்புகள் எல்லாம் அதன் தலையில்தான் வர வேண்டும். 1999 தரநிலை இதைத் தளர்த்தி, வேண்டிய இடத்தில் அறிவிக்கலாம் என்றது. ஆனால் கெர்னல் அப்போது பழைய முறையைத்தான் கடைப்பிடித்தது. நடுவில் அறிவித்தால் எச்சரிக்கை வரும்படி பில்டே அமைக்கப்பட்டிருந்தது. 2022-ல், 5.18 பதிப்பில்தான் கெர்னல் சி11-க்கு மாறியது. இந்தப் பழக்கத்தால் ஒரு பக்கவிளைவு வருகிறது. "அறிவிப்புகள்" என்று நம் கண் ஒதுக்கித் தள்ளும் அந்த நாலைந்து வரிகளும் உண்மையில் ஓடுகிற கோடு. மெமரியைத் தொடுகிற கோடு. மேலே இருப்பவை அறிவிப்பு, கீழே இருப்பவை வேலை என்று நாம் மனதில் பிரித்து வைத்துக்கொள்வது நம் வசதிக்காக. கம்பைலருக்கு அப்படி ஒரு பிரிவு கிடையாது.

கம்பைலர் போட்ட கணக்கு

3-வது வரி இடம் மாறி நின்றதால் கெர்னல் விழ வாய்ப்பு உண்டு, அவ்வளவுதானே? டன் வெறுமையாக இருந்தால் 3-வது வரியிலேயே கெர்னல் ஊப்ஸ் (கெர்னலின் பிழை அறிவிப்பு) அடித்து நிற்கும். எரிச்சலூட்டும் பிழைதான், ஆனால் ஆபத்தில்லாதது. பலரும் முதலில் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். 2009 ஜூலை தொடக்கத்தில் இதற்குத் திருத்தம் வந்தபோது, அது சாதாரண கிராஷ் திருத்தமாகவே வந்தது. திருத்தத்தோடு கொடுக்கப்பட்ட சோதனை கோடு சில வரிகள்தான்: டிவைஸை ஓப்பன் செய், உடனே போல் செய், கெர்னல் விழுகிறது.

ஆனால் கெர்னலைக் கம்பைல் செய்த ஜிசிசி கம்பைலர் அதற்குள் வேறு ஒரு காரியம் செய்திருந்தது.

வெற்று பாயிண்டர் வழியாக மெமரியைப் படித்தால் என்ன நடக்கும் என்று சி தரநிலை சொல்வதில்லை. அதைத்தான் அன்டிஃபைன்டு பிஹேவியர் என்கிறோம். பேச்சில் சுருக்கமாக யூபி. "கிராஷ் ஆகும்" என்பது அதன் அர்த்தம் அல்ல. இப்படி ஒன்று நடக்கிற ப்ரோக்ராமைப் பற்றித் தரநிலைக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்பதுதான் அர்த்தம். அதாவது, அப்படி நடக்கவே நடக்காது என்று வைத்துக்கொண்டு கோடை மாற்றி அமைக்கக் கம்பைலருக்கு முழு உரிமை உண்டு. இந்த உரிமையை வைத்து ஜிசிசி நடத்திய வாதத்தை நாம் இப்படி எழுதலாம்:

3-வது வரி டன் வழியாக மெமரியைப் படிக்கிறது. டன் வெறுமை என்றால் அது யூபி. யூபி நடக்காது. ஆகவே 3-வது வரியைத் தாண்டி வந்த எந்த ஓட்டத்திலும் டன் வெறுமை இல்லை. ஆகவே 5-வது வரி கேட்கும் கேள்விக்கு விடை எப்போதும் "இல்லை". எப்போதும் ஒரே விடை வரும் கேள்வி வீண். நீக்கு.

நீக்கிவிட்டது. எச்சரிக்கை எதுவும் வரவில்லை.

இந்த ஆப்டிமைசேஷன் ஏன் இருக்கிறது என்று தெரியாமல் கம்பைலரைத் திட்டுவது சரியில்லை. கெர்னல் மாதிரியான கோடில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன இன்லைன் ஃபங்ஷன்களும் மேக்ரோக்களும் இருக்கும். ஒவ்வொன்றும் தன் பங்குக்கு "பாயிண்டர் வெறுமையா" என்று கேட்கும். எல்லாவற்றையும் ஒரே ஃபங்ஷனுக்குள் விரித்து வைத்தால் அதே பாயிண்டரை நாலு தடவை, ஐந்து தடவை சோதிக்கும் கோடு வந்து நிற்கும். முதல் தடவைக்குப் பிறகு மற்றவை வீண். அவற்றைக் கழற்றிப் போடுவது உருப்படியான வேலைதான். இப்படிக் கழற்றும்போதெல்லாம் எச்சரிக்கை கொடுத்தால் ஒவ்வொரு பில்டிலும் எச்சரிக்கைகள் மலையாகக் குவியும். யாரும் படிக்க மாட்டார்கள்.

சாதாரண ப்ரோக்ராம்களுக்கு இந்த வாதம் நடைமுறையிலும் நன்றாகவே பொருந்தும். அங்கே முகவரி 0-ல் எந்தப் பக்கமும் (மெமரித் துண்டும்) மேப் ஆகியிருக்காது, அதாவது அந்த முகவரிக்குப் பின்னால் மெமரி எதுவும் இருக்காது. வெற்று பாயிண்டர் வழியாகப் படித்தால் ப்ரோக்ராம் அங்கேயே விழும். விழாமல் அடுத்த வரிக்கு வந்துவிட்டது என்றால் பாயிண்டர் வெறுமை இல்லை என்றுதான் பொருள். கெர்னலில் இந்த உறுதி கிடையாது. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

முகவரி 0-ல் யாரோ இருந்தால்

எக்ஸ்86 லினக்ஸில் ஒரு ப்ரோக்ராம் சிஸ்டம் கால் செய்யும்போது, கெர்னல் அதே ப்ரோக்ராமின் முகவரி வெளியில் இருந்துகொண்டுதான் வேலை செய்யும். ப்ரோக்ராம் தன் இஷ்டத்துக்கு முகவரி 0-ல் ஒரு பக்கத்தை மேப் செய்து வைத்திருந்தால், கெர்னலுக்கும் முகவரி 0-ல் அந்தப் பக்கம்தான் தெரியும். அப்போது 3-வது வரி விழாது. சமர்த்தாக, தாக்குபவர் எழுதி வைத்த மதிப்பை எடுத்து எஸ்கே-யில் வைத்துவிடும். 5-வது வரி இருந்திருந்தால் அங்கே காரியம் முடிந்திருக்கும்: டன் 0, பிழை என்று சொல்லித் திரும்பு. ஆனால் 5-வது வரியைத்தான் காணோமே.

இதைத் தடுக்க ஒரு ஏற்பாடு 2007-லிருந்தே, 2.6.23 பதிப்பில் இருந்தது: ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழான முகவரிகளில் சாதாரணப் பயனர்கள் எதையும் மேப் செய்யக் கூடாது என்ற வரம்பு. 2009-ல் அந்த வேலி இரண்டு இடத்தில் ஓட்டையாக இருந்தது.

முதலாவது, எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு. அது இயங்கும் கணினிகளில் இந்த அனுமதியை எஸ்இலினக்ஸ் பாலிசிதான் தீர்மானித்தது. கட்டுப்பாடற்ற பயனர்களுக்கு அந்தப் பாலிசி முகவரி 0-ஐ அனுமதித்தது. ஆகவே எஸ்இலினக்ஸ் இல்லாத கணினியை விட, இருக்கும் கணினி இந்த ஒரு விஷயத்தில் பலவீனமாக இருந்தது. பாதுகாப்புக்காகச் சேர்த்த அடுக்கு இப்படி ஆனது எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம்.

இரண்டாவது, பர்சனாலிட்டி என்ற பழைய வசதி. பழைய யுனிக்ஸ் ப்ரோக்ராம்கள் ஓடுவதற்காக, தொடங்கும்போதே முகவரி 0-ல் ஒரு பக்கத்தை மேப் செய்து கொடுக்கும் முறை ஒன்று கெர்னலில் இருந்தது. செட்யுஐடி ப்ரோக்ராம் (யார் ஓட்டினாலும் அதன் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடுவது) ஒன்றை ஓட்டும்போது இந்த அமைப்பைத் துடைத்திருக்க வேண்டும், துடைக்கவில்லை. ரூட்டுக்கு செட்யுஐடி ஆக நிறுவப்பட்டிருந்த பல்ஸ்ஆடியோ என்ற ஒலி மென்பொருள், பயனர் சொல்லும் மாட்யூலை லோட் செய்யும் வசதியும் வைத்திருந்தது. இரண்டையும் சேர்த்தால் முகவரி 0-ல் பக்கமும் கிடைத்தது, அந்த ப்ராசஸுக்குள் தன் கோடை ஓட்டவும் முடிந்தது.

ஒரே ஒரு பிட்

2009 ஜூலை நடுவில், கெர்னலின் பாதுகாப்பைக் கூட்டும் ஜிஆர்செக்யூரிட்டி பேட்சை உருவாக்கிய பிராட் ஸ்பெங்லர் இவை எல்லாவற்றையும் கோத்து ஒரு எக்ஸ்ப்ளாய்ட்டை, அதாவது பிழையைப் பயன்படுத்தித் தாக்கும் ப்ரோக்ராமை, வெளியிட்டார். அவர் முக்கியமாகச் சுட்டிக்காட்டியது, சோர்ஸை மட்டும் படித்தால் இந்தப் பிழை சுரண்ட முடியாததாகத் தெரியும் என்பதை.

அந்த எக்ஸ்ப்ளாய்ட் நடந்த விதம் சி கற்கிறவர்கள் உட்கார்ந்து படிக்க வேண்டியது. பாயிண்டர், ஸ்ட்ரக்ட், ஃபங்ஷன் பாயிண்டர் எல்லாம் ஒரே இடத்தில் வருகின்றன.

டன் இப்போது 0. டன் ஸ்ட்ரக்டின் எந்த உறுப்பைத் தொட்டாலும், 0-லிருந்து அந்த உறுப்பு எத்தனை பைட் தள்ளி இருக்கிறதோ அந்த முகவரியைத்தான் கெர்னல் தொடும். அது முழுக்கத் தாக்குபவர் நிரப்பி வைத்த பக்கம். அப்படி எடுத்த எஸ்கே-யும் அவர் கொடுத்த போலி சாக்கெட்தான்.

ஃபங்ஷனில் கொஞ்சம் கீழே, எழுத இடம் இல்லை என்றால் சாக்கெட்டின் ஃப்ளாக்குகளில் ஒரு பிட்டை 1 ஆக்கி வைக்கும் வரி ஒன்று இருக்கிறது. எந்த முகவரியில்? எஸ்கே வழியாகப் போய், அதற்குள் இருக்கும் இன்னொரு பாயிண்டர் வழியாகப் போய் வரும் முகவரியில். சங்கிலி முழுவதும் போலி என்பதால் தாக்குபவர் விரும்பிய எந்த முகவரியையும் அதில் கொடுக்கலாம். அந்த பிட்டின் எண் 0. ஆக அவருக்குக் கிடைத்த ஆயுதம் இவ்வளவுதான்: கெர்னல் மெமரியில் எங்கேயாவது ஓரிடத்தில் கடைசி பிட்டை 1 ஆக்கலாம்.

அது போதுமானதாக இருந்தது. ஒவ்வொரு டிரைவருக்கும் ஃபங்ஷன் பாயிண்டர்கள் நிறைந்த ஒரு ஸ்ட்ரக்ட் உண்டு: ஓப்பன் செய்தால் எதை அழைப்பது, போல் செய்தால் எதை அழைப்பது என்ற பட்டியல். டன் டிவைஸ் எம்மேப் செய்வதை (கோப்பையோ டிவைஸையோ மெமரியில் மேப் செய்யும் அழைப்பை) ஆதரிக்காது. ஆகவே பட்டியலில் எம்மேப்புக்கான கட்டத்தில் இருந்தது 0. அதன் கடைசி பிட்டை 1 ஆக்கினால் அந்த ஃபங்ஷன் பாயிண்டரின் மதிப்பு 1. பிறகு அதே டிவைஸில் எம்மேப் அழைத்தால் கெர்னல் "இந்த டிரைவரிடம் எம்மேப் இருக்கிறது" என்று நம்பி முகவரி 1-க்குத் தாவும். முகவரி 1 இருப்பது தாக்குபவரின் பக்கத்துக்குள். அங்கே அவர் வைத்த கோடு கெர்னலின் முழு அதிகாரத்தோடு ஓடும்.

வரி இடம் மாறியது, சோதனை காணாமல் போனது, ஒரு பிட் மாறியது, ரூட்.

திருத்தங்கள்

கோடில் செய்த திருத்தம் மிகச் சின்னது. எஸ்கே-யை மேலே வெறுமனே அறிவித்துவிட்டு, மதிப்புக் கொடுக்கும் வேலையைச் சோதனைக்குக் கீழே தள்ளினார்கள்.

அதோடு விடாமல், பில்டிலும் ஒரு மாற்றம் வந்தது. வெற்று பாயிண்டர் சோதனைகளை அழிக்காதே என்று ஜிசிசிக்குச் சொல்லும் ஆப்ஷன் கெர்னலின் மேக்ஃபைலில் (பில்ட் விதிகள் இருக்கும் கோப்பில்) சேர்க்கப்பட்டது. இன்றும் அது அங்கே இருக்கிறது. இதே மாதிரி, டைப்பை வைத்துப் பாயிண்டர்களைப் பற்றி அனுமானம் செய்யாதே, குறியுள்ள முழு எண்கள் நிரம்பி வழியாது என்று அனுமானம் செய்யாதே என்ற ஆப்ஷன்களும் கெர்னலில் உண்டு. கெர்னல் கோடைப் படித்து சி கற்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு படிப்பது நல்லது. கெர்னல் எழுதப்பட்டிருப்பது தரநிலை சி-யில் அல்ல, ஜிசிசியோடு பேசி வைத்துக்கொண்ட ஒரு வட்டார வழக்கில். அங்கே சரியாக ஓடும் ஒரு உத்தி, அந்த ஆப்ஷன்கள் இல்லாத உங்கள் ப்ரோக்ராமில் சரியாக ஓடும் என்று சொல்ல முடியாது.

பர்சனாலிட்டி ஓட்டையும் எஸ்இலினக்ஸ் அனுமதியும் தனித்தனியாக அடைக்கப்பட்டன. பின்னால் வன்பொருளும் கைகொடுத்தது: கெர்னல் நிலையில் இருக்கும்போது பயனர் பக்கத்தில் உள்ள கோடை ஓட்ட விடாத எஸ்மெப், பயனர் பக்கத்தைப் படிக்கக்கூட விடாத எஸ்மாப் இரண்டும் இன்டெல் சிப்களில் வந்தன. எஸ்மாப் உள்ள கணினியில் இந்தத் தாக்குதல் 3-வது வரியிலேயே நின்றிருக்கும்.

உங்கள் கணினியில் செய்து பார்க்க

இதைப் படித்துவிட்டு விடுவதை விட, சின்ன அளவில் செய்து பார்ப்பதுதான் பலன் தரும். ஒரு ஸ்ட்ரக்ட் எழுதுங்கள். உள்ளே இரண்டு முழு எண்கள் போதும். அதற்கு ஒரு பாயிண்டரை வாங்கும் ஃபங்ஷன் எழுதுங்கள். முதல் வரியில் பாயிண்டர் வழியாக ஒரு எண்ணை எடுத்து வையுங்கள். அடுத்த வரியில் பாயிண்டர் வெறுமையா என்று சோதித்து, ஆம் என்றால் -1 திருப்புங்கள். கடைசியில் எடுத்து வைத்த எண்ணைத் திருப்புங்கள்.

இதை ஓ0-வில் (ஆப்டிமைசேஷன் இல்லாமல்) ஒரு தடவை, ஓ2-வில் ஒரு தடவை அசெம்பிளியாக மாற்றிப் பாருங்கள். அசெம்பிளி தெரியாது என்று பயப்பட வேண்டாம். ஓ0-வில் ஒரு ஒப்பீடும், அதைத் தொடர்ந்து ஒரு தாவலும் இருக்கும். ஓ2-வில் மெமரியிலிருந்து படிக்கும் ஒரு கட்டளை, அப்புறம் திரும்பும் கட்டளை, அவ்வளவுதான் இருக்கும். ஒப்பீட்டைக் காணோம். -1 என்ற எண்ணே அசெம்பிளியில் எங்கும் இருக்காது. சோதனைகளை அழிக்காதே என்ற ஆப்ஷனைச் சேர்த்து மறுபடி ஓ2-வில் செய்தால் ஒப்பீடு திரும்பி வந்துவிடும். தன் கண்ணால் இதைப் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு கோடைப் படிக்கிற விதமே மாறிவிடுகிறது.

அடுத்த கட்டம் இன்னும் சுவாரசியம். எடுத்து வைத்த எண்ணைப் பிறகு எங்குமே பயன்படுத்தாமல் விடுங்கள். இப்போது கம்பைலருக்கு இரண்டு வேலைகள் உண்டு: பயனில்லாத வாசிப்பைத் தூக்குவது, வீணான சோதனையைத் தூக்குவது. வாசிப்பை முதலில் தூக்கினால், பாயிண்டர் வெறுமை இல்லை என்று சொல்லும் ஆதாரமே போய்விடும்; சோதனை பிழைத்துக்கொள்ளும். சோதனையை முதலில் தூக்கினால், அதற்கு அடுத்து வாசிப்பையும் தூக்கலாம். இரண்டும் இல்லாமல் ஃபங்ஷன் வெற்று பாயிண்டரோடு அமைதியாக ஓடும். தரநிலைப்படி இரண்டுமே சரி. எது நடக்கும் என்பது கம்பைலர், அதன் பதிப்பு, ஆப்ஷன்கள், பக்கத்தில் இருக்கும் கோடு எல்லாவற்றையும் பொறுத்தது. நேற்று வரை ஓடியது இன்று கம்பைலரைப் புதுப்பித்தவுடன் ஏன் உடைந்தது, ப்ரின்ட்எஃப் போட்டவுடன் ஏன் சரியானது என்ற கேள்விகளுக்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

சரி, பிழை தேடும்போது எதைச் செய்வது? ஓ0-வில் சரி, ஓ2-வில் தப்பு என்றால் கம்பைலர் பிழை என்ற சந்தேகத்தைப் பட்டியலின் கடைசியில் வையுங்கள். முதலில் அன்டிஃபைன்டு பிஹேவியர் சானிடைசரையும் அட்ரஸ் சானிடைசரையும் போட்டு ஓட்டுங்கள்; ப்ரோக்ராம் ஓடும்போதே இப்படிப்பட்ட தவறுகளைப் பிடித்துச் சொல்லும் கம்பைலர் வசதிகள் இவை. ஜிசிசியில் அட்ரஸ் சானிடைசர் 2013-ல் 4.8 பதிப்பிலும், மற்றது 2014-ல் 4.9 பதிப்பிலும் வந்தன. 2009-ல் இந்த வசதி யாருக்கும் இல்லை. நம் சின்ன ஃபங்ஷனுக்கு வெற்று பாயிண்டரைக் கொடுத்து ஓட்டினால், எந்த வரியில் வெற்று பாயிண்டர் வழியாகப் படித்தோம் என்று சானிடைசர் நேராகவே சொல்லிவிடும்.

ஆனால் சானிடைசர் ஓடுகிற பாதையை மட்டுமே பார்க்கும். டன் நிகழ்வில் அது உதவியிருக்க வேண்டுமானால், ஓப்பன் செய்துவிட்டு இணைக்காமல் போல் செய்யும் ஒரு டெஸ்ட்டை யாராவது எழுதியிருக்க வேண்டும். விபிஎன் மென்பொருள் எதுவும் அப்படிச் செய்யாது. செய்வதற்குக் காரணமே இல்லாத வரிசை அது. தாக்குபவர் ஒருவர்தான் அதைத் தேடிப் போவார். அதனால் டெஸ்ட் எழுதும்போது சரியான வரிசையை மட்டும் எழுதாமல், ஒவ்வொரு ஃபங்ஷனையும் அது எதிர்பார்க்காத நேரத்தில் அழைத்துப் பார்க்கும் டெஸ்ட்டும் எழுதுங்கள் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன்.

யார் பொறுப்பு

இந்த நிகழ்வைப் பற்றிய விவாதங்களில் இரண்டு கட்சிகள் உண்டு. தரநிலை அனுமதித்ததைத்தான் ஜிசிசி செய்தது, கோடு எழுதியவர்தான் பொறுப்பு என்பது ஒன்று. ப்ரோக்ராமர் வெளிப்படையாக எழுதிய பாதுகாப்புச் சோதனையைச் சத்தமில்லாமல் அழிப்பது எந்த விதத்திலும் நியாயமில்லை என்பது இன்னொன்று.

முதல் கட்சியின் வாதம் சட்டப்படி சரி. ஆனால் அதோடு நின்றுவிட்டால் அடுத்த பிழையைத் தடுக்க அது எதுவும் செய்யாது. இது ஒருவர் செய்த கவனக்குறைவு அல்ல என்பதற்கு ஆதாரம் உண்டு. எம்ஐடி ஆராய்ச்சியாளர்கள் 2013-ல், யூபி காரணமாகக் கம்பைலர் தூக்கிப்போடக்கூடிய கோடைத் தேடும் ஸ்டாக் என்ற கருவியை உருவாக்கினார்கள். லினக்ஸ் கெர்னல், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் மாதிரி பலரும் பல வருடம் படித்துத் திருத்திய மென்பொருள்களில் அதை ஓட்டியதில் 160 புதிய பிழைகள் கிடைத்தன. அவர்கள் எடுத்துக்காட்டாகக் காட்டிய கோடுகளில் டன் டிரைவரின் அந்த வரிகளும் ஒன்று. தேர்ந்தவர்கள் எழுதிய கோடில் இத்தனை இருந்தால், கவனமாக எழுது என்ற அறிவுரை மட்டும் போதாது. மொழியும் கருவியும் கைகொடுத்தாக வேண்டும். கெர்னல் மேக்ஃபைலில் அந்த ஆப்ஷனைச் சேர்த்தவர்கள் எடுத்த நிலையும் இதுதான், அதுவே சரி என்று நான் நினைக்கிறேன். கொஞ்சம் வேகம் குறைந்தாலும், எழுதிய சோதனை பைனரியில் இருக்க வேண்டும்.

ரஸ்ட் மொழி இதை டைப் வழியாகவே கையாள்கிறது. அதில் சாதாரண ரெஃபரன்ஸ் வெறுமையாக இருக்கவே முடியாது. வெறுமையாக வரலாம் என்றால் ஆப்ஷன் என்ற டைப்பில் வைத்துத்தான் தர வேண்டும். 2-வது வரி அப்படி ஒன்றைத் திருப்பியிருந்தால், பிரித்துப் பார்க்காமல் 3-வது வரியை எழுதினால் கம்பைலே ஆகாது. இதனால் மெமரியும் கூடுவதில்லை. ரெஃபரன்ஸை ஆப்ஷனில் வைத்தாலும் பாயிண்டரின் அதே அளவுதான். 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பிலிருந்து லினக்ஸ் கெர்னலிலும் ரஸ்ட்டுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அன்சேஃப் என்று குறித்த பகுதிகளில் ரா பாயிண்டர் (சி-யில் இருப்பது மாதிரியான, சோதிக்கப்படாத பாயிண்டர்) பயன்படுத்தினால் அங்கேயும் இதே யூபி உண்டு. ஆனால் எந்தப் பகுதியைக் கூர்ந்து படிக்க வேண்டும் என்பது கோடிலேயே எழுதப்பட்டிருக்கும்.

சி-யில் தொடர்ந்து எழுதுகிறவர்களுக்கும் நிலைமை மேம்பட்டிருக்கிறது. ஜிசிசி 10-லிருந்து, கோடை ஓட்டாமலே படித்துப் பிழை தேடும் அனலைசர் என்ற கருவி ஒன்று கம்பைலரோடு சேர்ந்தே வருகிறது. 2023-ல் வந்த ஜிசிசி 13-ல், அந்தக் கருவிக்குள் ஒரு தனி எச்சரிக்கை சேர்ந்தது: பாயிண்டரைப் பயன்படுத்திய பிறகு அது வெறுமையா என்று சோதித்தால் சொல்லும். டன் டிரைவரில் இருந்த வடிவம் அதுதான். இது எச்சரிக்கைகளுக்காக வழக்கமாகப் போடும் வால் (-Wall) ஆப்ஷனில் வராது; அனலைசரைத் தனியாக இயக்க வேண்டும், கம்பைல் ஆகும் நேரமும் கூடும். உங்களிடம் பழைய சி கோடு இருந்தால் ஒரு நாள் ஒதுக்கி அதை ஓட்டிப் பாருங்கள். வருகிற எச்சரிக்கைகளில், அறிவிப்பு வரியிலேயே பாயிண்டருக்குள் போகும் இடங்களை முதலில் எடுத்துத் திருத்துங்கள்.